சோக் கேபிளும் எட்டு அளவைகளும்: நாவலூரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களில் சீட்டுக்குக் கீழே, பெட்ரோல் டேப்பை ஒட்டி ஒரு குமிழ் இருக்கும். காலையில் அதை வெளியே இழுத்து, கிக்கரை உதைத்து, வண்டி பிடித்துக்கொண்டதும் உள்ளே தள்ளிவிடுவது மரபு. அந்தக் குமிழுக்கும் கார்புரேட்டருக்கும் இடையே ஓடுவது சோக் கேபிள். அது கெட்டுப்போனால் என்ன நேரும், நேர்ந்துவிட்டது என்பதை எப்படி அறிவது, அறிந்தபின் என்ன செய்வது என்ற மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இத்துறையில் முன்னோடி ஆய்வேடுகள் கண்ணில் படவில்லை. கிடைத்திருந்தாலும் கிரீஸ் படிந்து படிக்க முடியாமல்தான் இருந்திருக்கும்.

2. வரலாறு

கேபிளின் ஆசிரியர் யார் என்பதிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. உறைக்குள் ஓடும் வளைகம்பிக்கு 1896-இல் காப்புரிமை பெற்றவர் அயர்லாந்துக்காரரான எர்னஸ்ட் மொன்னிங்டன் பவுடன். அதே காலத்தில் ராலே சைக்கிள் கம்பெனியை நடத்தியவர் பிராங்க் பவுடன். இருவரையும் ஒருவராகவே கொள்வோர் இன்றும் உண்டு. ஔவையார் ஒருவரா, பலரா என்று வாதிட்டுப் பழகிய நமக்கு இது பெரிய விஷயமில்லை.

ஸ்கூட்டரின் குலவரலாறு அவ்வளவு குழப்பமானதன்று. ஹெலிகாப்டர் வடிவமைத்துக்கொண்டிருந்த கொராடினோ டஸ்கானியோ வரைந்த வெஸ்பாவுக்கு 1946 ஏப்ரல் 23-இல் பியாஜியோ காப்புரிமை கோரியது. அடுத்த ஆண்டே இன்னொசெந்தியின் லாம்ப்ரெட்டா வந்தது. இரண்டு குலங்களும் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்தன. வெஸ்பாவை உரிமம் பெற்றுத் தயாரித்த பஜாஜ், அந்த உரிமம் 1971-இல் முடிந்ததும் 1972-இல் சேத்தக்கைக் கொண்டுவந்தது. லாம்ப்ரெட்டாவைப் பம்பாயில் தயாரித்த ஏ.பி.ஐ. நிறுவனம் 1950-களில் சென்னைத் தொழிலதிபர் எம்.ஏ.சிதம்பரத்தின் கைக்கு வந்தது. சேப்பாக்கம் மைதானம் யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அதே சிதம்பரம்தான். ஆகவே அங்கே உட்கார்ந்து சிக்ஸருக்குக் கை தட்டிய எவரும் இந்த ஆய்வுக்கு முற்றிலும் அந்நியர் அல்லர்.

சேத்தக் என்பது ராணா பிரதாப்பின் குதிரையின் பெயர். 1576-இல் ஹல்திகாட்டிப் போரில் அடிபட்ட காலோடு எசமானரைச் சுமந்துபோய்க் காப்பாற்றிவிட்டே உயிரை விட்டது என்பார்கள். இரும்புக் குதிரைகளிடம் இந்த விசுவாசத்தை எதிர்பார்க்கக் கூடாது. கேபிளில் ஒரே ஒரு இழை பிரிந்தால் போதும், அவை படுத்துவிடும்.

3. களம்

நாவலூர், பழைய மாமல்லபுரம் சாலையில் இருக்கிறது. ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் மாறிய பின்னும் ஓ.எம்.ஆர். என்றே எல்லோரும் சொல்கிறார்கள். கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அதற்கும் அப்பால் கடல். ஆண்டு முழுக்க உப்புக்காற்று, ஐப்பசி கார்த்திகையில் மழை. எஃகுக் கம்பி துருப்பிடிக்க இதைவிடத் தோதான இடத்தை ஆய்வாளன் தேடிப் போக வேண்டியதில்லை. இங்கிருந்த சுங்கச்சாவடியில் 2023 அக்டோபரில் வசூல் நின்றது. அதன்பின் நாவலூரில் ஒரு வண்டியை வழிமறித்து நிறுத்தும் அதிகாரம் சிக்னலுக்கும் மெட்ரோ ரயில் வேலைக்கும் சோக் கேபிளுக்கும் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

சென்னை வட்டாரத்தில் மார்கழியிலும் வெப்பம் 20 டிகிரிக்கு வெகு கீழே இறங்குவது அபூர்வம். ஸ்வெட்டரைப் போலவே சோக்கும் இங்கே தேவையைவிட மரபால்தான் வாழ்கிறது. ஆனால் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டால் கழற்றிவிடலாம். சோக் மாட்டிக்கொண்டால் அப்படி இல்லை.

4. தத்துவம்

பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் அதன் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது பொது விதி. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் உள்சுவரிலேயே படிந்துவிடும். எனவே முதல் உதைக்கு மட்டும் பெட்ரோலைத் தாராளமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பழைய கார்களில் ஒரு தகடு காற்றின் கழுத்தை நெரித்து இந்தக் காரியத்தைச் செய்தது. நம் ஸ்கூட்டர்கள் அகிம்சை வழி. கேபிள் இழுத்ததும் கார்புரேட்டருக்குள் ஒரு குட்டி பிளஞ்சர் மேலே எழும். தனி வழியாகக் கூடுதல் பெட்ரோல் கலவை உள்ளே போகும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கேபிளுக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. குமிழை உள்ளே தள்ளும்போது நாம் சோக்கை மூடுவதில்லை, பிடியை விடுகிறோம், அவ்வளவுதான். மூடுவது பிளஞ்சரின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஸ்பிரிங். துருவோ, பிரிந்த இழையோ, மடிந்த அவுட்டரோ (வெளியுறை) இன்னரைக் (உள்கம்பியை) கவ்விக்கொண்டால் ஸ்பிரிங்கின் வலு போதாது. குமிழ் உள்ளே போயிருக்கும், பிளஞ்சர் மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

5. அளவைகள்

மணிமேகலையில் வஞ்சி நகரத்து அளவைவாதி, உண்மையை அறியும் கருவிகள் வியாசருக்குப் பத்து, கிருதகோடிக்கு எட்டு, ஜைமினிக்கு ஆறு என்று கணக்குச் சொல்கிறான். பத்து, எட்டு என்றதும் ஸ்பேனர்தான் ஞாபகம் வருகிறது என்றால் உங்களுக்கு இத்துறையில் எதிர்காலம் உண்டு. முதலில் ஜைமினியின் ஆறைக் கொண்டு பார்ப்போம்.

காட்சி: பிளக்கைக் கழற்றினால் முனை கன்னங்கரேலென்று, ஆயிலில் நனைந்து நிற்கிறது. மூக்குக்குப் பெட்ரோல் வாடை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் குமிழோ ஒழுங்காக உள்ளே இருக்கிறது. காட்சிக்குக் காட்சியே முரண். இந்த அளவையை மட்டும் நம்பியவர்கள் புது பிளக் வாங்கிப் போடுவார்கள். ஒரு வாரத்தில் அதுவும் கறுக்கும்.

அனுமானம்: மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்பது தருக்க நூல்களின் பழைய எடுத்துக்காட்டு. சோக் மாட்டிக்கொண்ட ஸ்கூட்டரை பேஸ்மென்ட் பார்க்கிங்கில் உதைத்துப் பாருங்கள். சைலன்சர் வழியே மலையளவு புகை வரும். பிளக்கில் நெருப்பு மட்டும் வராது. இரண்டாயிரம் ஆண்டுத் தருக்க மரபுக்கு நாவலூர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் விழுந்த அடி இது. அசோசியேஷனுக்கு இதன் அருமை புரிவதில்லை. “அங்கிள், ஸ்மோக் அலாரம் அடிச்சிடப் போகுது” என்று லிஃப்ட் பக்கமிருந்து ஒரு குரல் வருகிறது.

உவமம்: பக்கத்து வண்டியோடு ஒப்பிடலாம் என்றால் அந்த வண்டியில் சோக்கே இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்ததிலிருந்து புது ஸ்கூட்டர்களில் பெட்ரோல் அளவைக் கணிப்பொறி பார்த்துக்கொள்கிறது. ஒப்பிட ஒத்த பொருள் இல்லாததால் உவமம் இங்கே செல்லாது.

ஆகமம்: மெக்கானிக்கின் வாக்கு. இதில் இரு சம்பிரதாயங்கள். கார்புரேட்டரை முழுசாகப் பிரித்துக் கழுவச் சொல்வது ஒன்று. கேளம்பாக்கத்துப் பக்கம் வேப்பமரத்தடியில் கடை போட்டிருந்த பெரியவர் இரண்டாவது சம்பிரதாயம். எதையும் பிரிக்காமல் குமிழை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கார்ப்பரேட்டர்ல ஒண்ணுமில்ல சார். கேபிள் டைட்டா கீது. கொஞ்சம் லூசு உடணும்.” சூத்திரம் இவ்வளவே. மற்றதெல்லாம் உரை.

அருத்தாபத்தி: பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்துக்கொண்டே போனால் அவன் இரவில் உண்கிறான் என்று கொள்ள வேண்டும். அதுபோல, குமிழ் நாள் முழுக்க மூடியிருந்தும் மைலேஜ் குறைந்துகொண்டே போனால் கார்புரேட்டர் திருட்டுத்தனமாகக் குடிக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

அபாவம்: இன்மையை அறிதல். ஆறில் இதுவே தலையாயது. ஏனெனில் இங்கே கோளாறு என்பதே ஒரு இன்மை. குமிழ் முழுதும் உள்ளே இருக்கும்போது கேபிளில் 1 முதல் 2 மி.மீ. வரை தளர்வு இருக்க வேண்டும். அந்தத் தளர்வு இல்லாவிட்டால் பளபளக்கும் புதுக் கேபிளும் பிளஞ்சரைப் பாதியில் தூக்கியே வைத்திருக்கும். கெட்டுப்போன பொருளைத் தேடி வண்டி முழுக்கத் துழாவுகிறோம். இல்லாமல் போன மில்லிமீட்டரை யாரும் தேடுவதில்லை.

6. மாற்றுக் கருத்தினர்

இந்த இடத்தில் சாய்ப்பு மரபினர் குறுக்கிடுவார்கள். கேபிள் எதற்கு, வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துவிட்டு உதைத்தால் போதும் என்பது அவர்கள் கட்சி. ஒரு காலத்தில் இந்தியத் தெருக்களில் ஆபீஸ் நேரத்துக்கு முன் நடந்த இந்த அன்றாடச் சடங்கைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. சாய்க்கும்போது மிதவைக் கிண்ணத்துப் பெட்ரோல் வழிந்து உள்ளே போகும் என்பது காரணம் கேட்டால் கிடைக்கும் விளக்கம். ஆனால் பெரும்பாலோர் காரணம் கேட்டதில்லை, அப்பா சாய்த்தார், ஆகவே சாய்த்தார்கள். இன்னார் சொன்னது என்று இல்லாமல் வழிவழியாக வரும் இத்தகைய அறிவுக்கு அளவைவாதி ஐதிகம் என்று பெயர் வைத்து, ஒரு மரத்தில் பேய் இருப்பதாக ஊரார் சொல்வதை எடுத்துக்காட்டாகத் தருகிறான். ஜைமினியின் ஆறுக்குள் இது அடங்காததால் எண்ணிக்கை ஏழாகிறது. சாய்ப்பு மரபினருக்கு நம் பதில் ஒன்றுதான்: சோக் திறக்காத வண்டிக்குச் சாய்ப்பது உதவலாம். மூடாத வண்டியை மறுபக்கம் சாய்த்தால் மூடாது.

7. செய்முறை

பழைய கேபிளை ஆத்திரத்தில் உருவக் கூடாது. அவுட்டரின் நுனியில் ஒரு நூல்கயிற்றைக் கட்டிவிட்டு உருவினால், அது வந்த வழியே கயிறு போய் உட்காரும். புதியதை அந்தக் கயிற்றில் கட்டி இழுத்தால் சேசிஸுக்குள் வழி தப்பாது. இன்னரை வெட்ட வேண்டுமானால் வெட்டும் இடத்தில் முதலில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டுக் காயவிட வேண்டும். இல்லையேல் இழைகள் விரிந்து, ஊசி கோக்கத் தெரியாதவன் நூல்போல ஆகிவிடும். பழைய இன்னரையே போடுவதானால் கெரசினில் கழுவி, துடைத்து, கிரீஸ் தடவிய விரல்களுக்கிடையே நுனிமுதல் நுனிவரை உருவ வேண்டும். பிரிந்த இழை இருந்தால் விரலில் குத்தும். குத்தினால் புதுசு வாங்க வேண்டியதுதான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ தேடலாம்.

மாட்டியபின் சோதனை. இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஓடிக்கொண்டிருக்கும்போதே குமிழை இழுங்கள். திணறினால் நல்லது, உள்ளே தள்ளியதும் தெளிந்தால் மிக நல்லது. இழுத்தும் எந்த மாற்றமும் இல்லையென்றால் ஒன்று கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது சோக் ஏற்கெனவே திறந்தே கிடக்கிறது. ஒருவர் கெட்டிருக்கிறாரா என்பதை அவர் கெட மறுப்பதைக் கொண்டு கண்டுபிடிப்பது இந்த ஒரு சோதனையில்தான்.

8. முடிவும் எஞ்சியதும்

இறுகப் பிடித்த கேபிளால் எதையும் மூட முடியாது. மூடும் வேலை ஸ்பிரிங்கினுடையது, அது தன் வேலையைச் செய்யக் கேபிள் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது இந்த ஆய்வின் முடிவு. பஜாஜ் 2020-இல் மீண்டும் கொண்டுவந்த சேத்தக் மின்சாரத்தில் ஓடுகிறது. அதில் கார்புரேட்டரும் இல்லை, சோக்கும் இல்லை. எனவே இத்துறையில் முனைவர் பட்டம் வாங்க விரும்புவோர் காலம் தாழ்த்த வேண்டாம்.

ஒன்று மட்டும் எஞ்சியது. வேலை முடிந்து மூடிகளையெல்லாம் பூட்டிய பின் பெரியவரின் கையில் ஒரு எட்டாம் நம்பர் நட்டு மிச்சமிருந்தது. இதற்கு எட்டாவது அளவையான மீட்சியை நாட வேண்டியிருக்கிறது. இராமன் வென்றான் என்றதும் இராவணன் தோற்றதை அறிந்துகொள்வது மீட்சி. பெரியவர் கிக்கரை ஒரு மிதி மிதித்தார். வண்டி புகையில்லாமல் பிடித்துக்கொண்டது. “வண்டி ஓடுதுல்ல சார்? அப்ப இந்த நட்டு அதுக்கு வேணாம்” என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஜைமினி ஆறோடு நிறுத்தியிருக்கலாம். அவரிடம் ஸ்கூட்டர் இருந்திருக்காது.