அவன் எந்தத் தோட்டம்?

அப்பாயி கையில் போனைக் கொடுத்து ஒரு வீடியோவைக் காட்டினால் அது முதலில் கேட்பது இதைத்தான்: "இவன் எந்தத் தோட்டம்?"

திரையில் இருப்பவர் அமெரிக்காவில் ஏதோ மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி, விழுந்தவன்தான் எழுவான் என்று கையை வீசிப் பேசிக்கொண்டிருப்பார். பின்னால் வயலின் அழும். கீழே தமிழ் எழுத்து ஓடும். அப்பாயி போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, பேத்திக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல் ஆளை ஏற இறங்கப் பார்க்கும்.

"அப்பாயி, இவரு அமெரிக்கா."

"அமெரிக்காவுல எந்தத் தோட்டம்?"

இலங்கையில் எட்டியாந்தோட்டைக்கு மேலே, ரப்பர் காட்டுக்குள் இருக்கிற எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இது நெடுநாள் வேடிக்கை. சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது கோயிலுக்குப் பின்னாலுள்ள பாறையில் மட்டும். பொழுது சாய அதில் ஏறி, அன்றைய சரக்கைப் போனில் இறக்கி, ஒற்றை அறைக் காம்பரா காம்பராவாகக் கொண்டுபோய்க் காட்டுவோம். அழ வைக்கும் தாய்ப்பாசம், சிரிக்க வைக்கும் குரங்கு, கருஞ்சீரகத்துக்குப் பயந்து ஓடிப்போன சர்க்கரை வியாதி, காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ. எதைக் காட்டினாலும் அப்பாயிக்கு அந்த ஒரு கேள்விதான். வெளியுலகம் தெரியாத கிழவி என்று நினைத்திருந்தேன். எங்கள் சனத்தின் பழைய கதைகளைப் புரட்டியபோது தெரிந்தது, இதே கேள்வியை அப்பாயியின் பாட்டன் கேட்டிருந்தால் நாங்கள் இந்தத் தீவுக்கு வந்தே இருக்க மாட்டோம்.

நாங்கள் கடல் தாண்டியதே ஒரு பொய் ஃபார்வேர்டை நம்பித்தான்.

திருச்சி, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் மழை பொய்த்த வருஷம் பார்த்துத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கும் கங்காணி வந்து இறங்குவார். கோட்டு, தலைப்பாகை, காதில் கடுக்கன். அந்தக் காலத்து ப்ரொஃபைல் படம் அது. கண்டிச் சீமையில் தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று அவர் சொன்னதாக லயத்துக்கு லயம் கதை உண்டு. தேயிலைச் செடிக்கு அடியில் மாசிக் கருவாடு எப்படி விளையும் என்று ஒருவரும் கேட்கவில்லை. வயிறு காய்ந்தவன் செய்தியைச் சரிபார்த்துக்கொண்டா இருப்பான்? பக்கத்து வீட்டுக்கும் சொல்லி, மச்சானையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான். கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு. இன்றைக்கு 'பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும்' என்று வருகிறதே, அது கங்காணி விஷயத்தில் முழு உண்மை.

பின்னாளில் மண்டபம் முகாமில் ஆட்களைத் தடுத்து வைத்து, கொள்ளை நோய் இருக்கிறதா என்று பார்த்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். அந்தத் தேங்காய்-மாசிக் கதைக்கு மட்டும் ஒருவரும் ஊசி போடவில்லை. அது கங்காணியின் மடியில் சொகுசாகக் கப்பலேறியது.

வந்து சேர்ந்தவனுக்கு உற்சாகம் வேண்டுமே. அதற்கும் தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்திலேயே ஆள் இருந்தார். 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவரின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' அச்சில் வந்தது. கோப்பிப் பயிரை எப்படிச் செய்வது என்று கும்மி மெட்டில், துரைமார் பக்கம் நின்று பாடிய பாடம். எங்கள் மலையகத்தின் முதல் தன்னம்பிக்கை வீடியோ இதுதான் என்று சத்தியம் செய்வேன். விடிய எழுந்திருப்பவன் ஒருவன், எழுந்திருப்பதன் மகிமையைப் பாடுகிறவன் இன்னொருவன் என்கிற வேலைப் பிரிவினை அன்றைக்கே அமைந்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், இலங்கைக் கோப்பி இலையில் துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டதும் அதே 1869இல்தான். கும்மி அச்சேறிய வருஷமே கோப்பிக்கு நாள் குறித்தாகிவிட்டது. அடுத்த இருபது வருஷத்தில் கோப்பி அழிந்து, துரைமார் தேயிலைக்குத் தாவினார்கள். கும்மியைப் புதுப் பயிருக்கு மாற்றி எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை போலும்.

ஆளையே ஃபார்வேர்ட் செய்த காலமும் உண்டு. அதற்குத் துண்டு முறை என்று பேர். தொழிலாளி இவ்வளவு கடன்பட்டிருக்கிறான், அதைக் கட்டினால் விடுகிறோம் என்று தோட்டம் ஒரு துண்டுக் காகிதம் எழுதிக் கொடுக்கும். அடுத்த தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் மட்டும் அழியாமல் கூடவே போகும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்த முடிந்தது.

அந்தக் காலத்தில் தகவல் தொடர்பு எல்லாம் தப்பு வழிதான். தப்பு என்றால் பிழை என்று நினைக்க வேண்டாம், தோல் கருவி. விடிகாலையில் தப்பு அடித்தால் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்பு என்று அர்த்தம். அடி மாறி ஒலித்தால் எங்கோ சாவு. திருவிழாவுக்கு வேறு அடி. ஒரே கருவி, மூன்று விதமான நோட்டிஃபிகேஷன், அணைத்து வைக்க வழியில்லை. கடிதம் என்றால் அது தோட்டத்து ஆபீஸுக்குப் போய், அங்கே உறங்கி எழுந்து, பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டுக் கைக்கு வரும். என் சித்தப்பாவுக்கு இண்டர்வியூக் கடிதம் இண்டர்வியூ முடிந்த மறுவாரம் கிடைத்தது. வேலை கிடைக்காததற்கு அவர் அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கடிதத்தையே காரணம் சொல்கிறார். மார்க்கைப் பற்றி நாங்களும் கேட்பதில்லை.

இந்த ஊமைக் காட்டுக்குள் நுழைந்த முதல் வில்லங்கக்காரர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்க்காரர், 'வர்த்தகமித்திரன்' பத்திரிகை நடத்தியவர். தோட்டம் என்றால் தனியார் காணி, கண்டவனும் உள்ளே போக முடியாது. இவர் புடவை வியாபாரி வேஷம் கட்டிக்கொண்டு லயத்துக்குள் நுழைந்தார். எங்கள் ஆட்கள் சேலை விலை கேட்டு, பேரம் பேசி, கடைசியில் வாங்காமல் அனுப்பியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சாக்கில் அவர் பார்த்ததும் கேட்டதும் எழுத்தாக வந்தது. பிறகு 'தேசபக்தன்' பத்திரிகை, 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் என்று துரைமாரின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டே இருந்தார்.

அவருக்கும் மேலே ஒரு படி அவர் மனைவி மீனாட்சி அம்மாள். கணவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் வரும், இந்த அம்மா பாட ஆரம்பித்தால் போகவிருந்த கூட்டமும் நிற்கும். சனத்தின் வாயில் ஏற்கெனவே இருக்கிற மெட்டு, அதில் தொழிலாளியின் கஷ்டம். எழுத்துத் தெரியாதவனும் ஒரு தடவை கேட்டால் மறுநாள் மலையில் பாடுவான். 1940இல் அந்தப் பாட்டுகள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பேரில் சின்னப் புத்தகமாகவும் வந்தன. புத்தகத்தைப் பறிக்கலாம், மெட்டை எந்தக் கேட்டில் சோதனை போட்டுப் பிடிப்பது? தன் முகத்தைக் காட்டி, தன் பேரைச் சொல்லி, ரோட்டில் நின்று பாடிய பொம்பளை அவர். "இவ எந்தத் தோட்டம்?" என்று கேட்டிருந்தால் வாயைத் திறந்து பதில் சொல்லியிருப்பார்.

எங்கள் சப்ரகமுவா மாகாணம் எதிர்த்து நிற்கும் முறை 1946இல் வந்தது. கேகாலைப் பக்கத்து நேவ்ஸ்மியர் தோட்டம், எங்கள் ஆட்கள் வாயில் உருளவள்ளி. கிராம விஸ்தரிப்புக்கென்று அரசாங்கம் அந்தக் காணியை எடுத்து, லயத்து ஆட்களை வெளியேறச் சொன்னது. எங்கே போவது? போகவில்லை. செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவி, இலங்கை இந்தியக் காங்கிரஸ் பேரில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. லயத்தில் போன் இல்லை, ரேடியோ இல்லை. சம்பளத்துக்கு மறுநாள் டவுனில் சாமான் வாங்கப் போனவன், கொத்தமல்லியோடு சேர்த்துச் செய்தியையும் கட்டிக்கொண்டு வந்தான். காம்பராவை விட்டு எழும்பாத ஒருவர் மீது போட்ட அத்துமீறல் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தனக்கு உரிமை இருக்கிறதென்று மனசார நம்பி இருப்பவன், அதனால் இன்னொருவருக்கு எரிச்சல் வரும் என்பதற்காகக் குற்றவாளி ஆகிவிட மாட்டான் என்று அங்கே தீர்ப்பு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவைப் பற்றி வெள்ளைக்கார நீதிபதிகள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். வைரல் என்றால் இதுவல்லவா வைரல்!

வீடியோ என்று வந்தால் எங்கள் கேகாலை மாவட்டத்தை யாரும் அசைக்க முடியாது. கித்துல்கலையில் களனி கங்கைக்குக் குறுக்கே மரப்பாலம் கட்டி, 1957 மார்ச்சில் ரயிலோடு சேர்த்து வெடி வைத்துத் தகர்த்தார் டேவிட் லீன். 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படம். முதல் நாள் பிரதமர் பண்டாரநாயக்காவே பார்க்க வந்திருந்தார். ஒரு கேமராக்காரர் நேரத்துக்கு விலகவில்லை என்று வெடியை நிறுத்திவிட்டார்கள். ரயில் மட்டும் நிற்காமல் பாலத்தைத் தாண்டி ஒரு ஜெனரேட்டரில் போய் முட்டிக்கொண்டது. அதைத் தூக்கி நிறுத்தி மறுநாள் காலை மீண்டும் ஓடவிட்டு வெடித்தார்கள். படத்துக்கு 7 ஆஸ்கார். பதினைந்து விநாடி டிக்டொக்குக்கு இருபது தடவை முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிற என் தங்கச்சிக்கு இந்தக் கதையை அடிக்கடி சொல்வேன். "அவங்ககிட்ட ஃபில்டர் இல்ல, நம்மகிட்ட ரயில் இல்ல" என்பாள்.

ரேடியோ காலம் தனிச் சொர்க்கம். 1952இல் இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்ததும், ஊரிலுள்ள சொந்தக்காரர்கள் எல்லாம் இலங்கை வானொலியைத் தேடித் திருகினார்கள். எங்களைக் கப்பலேற்றிய ஊருக்குக் கடைசியில் பாட்டு இங்கிருந்துதான் போனது. வட்டிக்குக் கொஞ்சம் ஈடு. விரும்பிக் கேட்டவர்கள் என்று தபால் அட்டையில் லயத்துப் பேரையெல்லாம் எழுதிப் போடுவோம். அறிவிப்பாளர் வாயில் தன் பேர் வந்ததைக் கேட்ட மாமா ஒருவர் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. பெரிய மனிதராகிவிட்டாராம்.

அப்புறம் வீடியோ டெக். எண்பதுகளில் காம்பராவுக்குப் பத்து ரூபாய் தண்டி, டவுனிலிருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, சாமியைத் தூக்குவதுபோல் நாலு பேர் தோளில் மலையேற்றுவார்கள். ஒரே ராத்திரியில் மூன்று படம். முதலாவதில் பக்தி, இரண்டாவதில் அழுகை, மூன்றாவதில் முக்கால்வாசிப் பேர் தூக்கம். அழுகைப் படத்தின் நடுவில் ஜெனரேட்டர் நின்றுபோகும். இருட்டில் மூக்குச் சிந்துகிற சத்தம் மட்டும் கேட்கும். யார் அழுதது என்று விடிந்ததும் விசாரணை நடக்கும். இன்றைக்கு அழுகிற மஞ்சள் மூஞ்சியைத் தட்டி அனுப்பிவிட்டு உள்ளுக்குள் கொட்டாவி விடலாம். அன்றைக்கு அழுதால் லயத்துக்கே தெரியும்.

போனை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2018 அக்டோபரில் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் சம்பளம் கேட்டு, மலையகத்துப் பிள்ளைகள் கறுப்புச் சட்டையில் காலிமுகத்திடலில் திரண்டார்கள். முகநூல் வழியாகக் கூடிய கூட்டம் அது. கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகள் ஆளுக்கு ஆள் செய்தி அனுப்பி, அனுப்பியதோடு நிற்காமல் நேரில் வந்து நின்றார்கள். ஆயிரம் ரூபாய் வர்த்தமானியில் ஏறியது 2021இல். எங்கள் தோட்டத்து ஆபீஸ் தபாலோடு ஒப்பிட்டால் அதுவும் வேகம்தான்.

போன வாரம் பாறையிலிருந்து இறங்கியபோது புதுசாக ஒரு வீடியோ கையில் இருந்தது. வயலின் இல்லை, எழுத்து ஓடவில்லை. ஒரு பொம்பளைப் பிள்ளை விடிகாலையில் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறாள். வெட்டிக்கொண்டே, காலில் ஏறும் அட்டையைப் பற்றியும், சிரட்டையில் மழைத் தண்ணி விழுந்தால் போகிற அரைப்பேரை, அதாவது அரைநாள் சம்பளத்தை, பற்றியும் சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள்.

அப்பாயி பார்த்தது. கை நீளத்திலிருந்த போன் மெல்ல மெல்லக் கண்ணுக்குக் கிட்ட வந்தது.

"இவ எந்தத் தோட்டம்?"

"இறக்குவானைப் பக்கம், அப்பாயி."

அமெரிக்காக்காரருக்குக் கிடைக்காத மரியாதை அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது. அப்பாயி இரண்டாந்தரம் போடச் சொன்னது. மூன்றாந்தரமும் போடச் சொன்னது. முப்பத்திரண்டு வருஷம் பால் வெட்டிய விரல் திரைமேல் வந்து நின்றதில் வீடியோ பாதியில் நின்றுவிட்டது. அப்பாயி அதைக் கவனிக்கவில்லை.

"கத்திய ரொம்ப ஆழமா விடுறா. மரத்துல காயம் பட்டா அப்புறம் அந்த எடத்துல பட்டை ஒழுங்கா வளராது. தொரை கத்துவான். கையக் கொஞ்சம் தளத்திப் புடிக்கச் சொல்லி அந்தப் புள்ளைக்கு எழுதிவிடு."

"நான் யாருன்னு கேப்பாங்க, அப்பாயி."

"எந்தத் தோட்டம்னு சேத்து எழுது."