தப்பான விலாசம், சரியான மருந்து

ஒரு கிருமியை ஏறக்குறைய எண்பது வருஷம் வேறு எதுவோ என்று நினைத்துக்கொண்டே, அதற்குச் சரியான மருந்தையும் கொடுத்துக்கொண்டிருந்த பெருமை மருத்துவ உலகத்துக்கு உண்டு. கிருமியின் பெயர் நியூமோசிஸ்டிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தி சரிந்தவர்களின், முக்கியமாக எச்ஐவி உள்ளவர்களின், நுரையீரலில் உட்கார்ந்துகொண்டு மூச்சை முட்டவைக்கும் நிமோனியாவுக்குச் சொந்தக்காரன். இதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் 'அறிஞர்களின் அயராத உழைப்பு' என்றுதான் ஆரம்பிப்பார்கள். உழைத்தது உண்மை. அயர்ந்த இடங்களும் ஏராளம்.

முதலில் மாட்டியவர் கார்லோஸ் சாகாஸ். பிரேசிலில் லசான்ஸ் என்ற ஊரில் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த தொழிலாளர்களை மலேரியா வாரிக்கொண்டு போனதால், அதைத் தடுக்க அனுப்பப்பட்ட டாக்டர். ஒரு ரயில் பெட்டிதான் அவருக்கு வீடும் ஆய்வுக்கூடமும். போன வேலை கொசு பிடிப்பது. ஆனால் மண்சுவர் இடுக்கில் பதுங்கியிருந்து, ராத்திரியில் தூங்குகிறவர்களின் முகத்தைக் கடிக்கும் ஒரு பூச்சியைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதைப் பிடித்து அறுத்துப் பார்த்தார். உள்ளே வால் முளைத்த ஒரு புது ஒட்டுண்ணி, ட்ரிப்பனசோமா வகை. அதற்குத் தன் குருநாதர் ஓஸ்வால்டோ குரூஸின் பெயரைச் சூட்டினார். நம் ஊரில் குருநாதருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். விஞ்ஞானிகள் வழக்கம் வேறு.

கிருமி, அதைச் சுமக்கும் பூச்சி, அது கொண்டுவரும் நோய் என மூன்றையும் ஒரே மனிதர் கண்டுபிடித்தது சாதாரணக் காரியமில்லை. 1909இல் அதோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அந்தக் கிருமியை ஏற்றிய கினிப்பன்றிகளின் நுரையீரலில், உள்ளே புள்ளி புள்ளியாகக் குட்டிகளை வைத்துக்கொண்டு சில உருண்டைப் பைகள் தெரிந்தன. நம்ம ஆள்தான் வேஷம் மாறி வந்திருக்கிறான் என்று முடிவுகட்டினார் சாகாஸ். அந்த ஜோரில் ஒரு புதுப் பேரினத்தையே உண்டாக்கிப் பெயரும் வைத்துவிட்டார். நான்காவதாகக் கண்டுபிடித்தது அடுத்த வீட்டுக்காரன் என்று அவருக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் சாவ் பாவ்லோவில் வேலை பார்த்த இத்தாலியரான அந்தோனியோ கரினி, எலிகளின் நுரையீரலில் இதே பைகளைப் பார்த்தார். அவருடைய எலிகளில் இருந்ததோ வேறு ஒரு ட்ரிப்பனசோமா. அவரும் இது அதன் அவதாரம்தான் என்று எடுத்துக்கொண்டார். ஆனாலும் மாதிரிகளைப் பாரிஸில் இருந்த பாஸ்டர் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே தெலனோ தம்பதி, பியரும் யூஜெனியும், பாரிஸ் சாக்கடை எலிகளைப் பிடித்து வரிசையாக அறுத்தார்கள். (தம்பதி ஒற்றுமைக்கு இதைவிடப் பெரிய சான்று என்ன வேண்டும்?) ட்ரிப்பனசோமா வாடையே இல்லாத எலிகளிலும் பைகள் இருந்தன. ஆக, இவன் தனி ஆள். 1912இல் அதை அறிவித்து, நியூமோசிஸ்டிஸ் கரினியை என்று பெயர் வைத்தார்கள். தப்பாகப் புரிந்துகொண்டவருக்குப் பெயர் கிடைத்தது. சரியாகக் கண்டுபிடித்தவர்களுக்கு எலி நாற்றம் கிடைத்தது.

அதன்பிறகு முப்பது வருஷம் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எலியின் நுரையீரல் யாருக்கு வேண்டும்? இரண்டாம் உலகப் போரும் அதன் பின்விளைவுகளும்தான் கதையை மனிதர்களிடம் கொண்டுவந்தன. மத்திய ஐரோப்பாவின் அனாதை விடுதிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் குறைமாதக் குழந்தைகளும் சோறின்றி மெலிந்த குழந்தைகளும் மூச்சுத் திணறிச் செத்தார்கள். 1952இல் செக்கோஸ்லோவாக்கியாவில் வானெக், யிரோவெட்ஸ் என்ற இருவர், அந்தச் சின்ன நுரையீரல்களில் அடைத்துக்கொண்டிருந்தது நியூமோசிஸ்டிஸ் என்று காட்டினார்கள்.

இனி மருந்துக்கு வருவோம். அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. 1920களில் சர்க்கரை நோய்க்காக சிந்தாலின் என்று ஒரு மருந்து வந்தது. ட்ரிப்பனசோமாக்கள் சர்க்கரையைத் தின்று வாழ்பவை. சர்க்கரையைக் குறைத்தால் பட்டினியில் சாகும் என்று யாரோ கணக்குப் போட்டு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். செத்தன. ஆனால் சர்க்கரை குறையாத இடத்திலும் செத்தன. கணக்கு தப்பு, விடை சரி. அந்த வழியில் போய் இங்கிலாந்தில் உருவாக்கியதுதான் ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கான பென்டமிடின். நியூமோசிஸ்டிஸும் ஒட்டுண்ணி ஜாதிதானே என்ற நம்பிக்கையில், 1958இல் ஹங்கேரி டாக்டர்கள் அதைக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். பிழைத்துக்கொண்டன. அது ஒட்டுண்ணி ஜாதியே இல்லை என்பது தெரிய இன்னும் முப்பது வருஷம் இருந்தது. இதில் ஒரு வேடிக்கை: பென்டமிடின் ஊசி போட்டவர்களில் சிலருக்கு ரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கும். பாட்டன் குணம் எங்கே போகும்?

ஒட்டுண்ணி இல்லை என்பதற்குச் சாட்சி கண்ணெதிரிலேயே இருந்தது. இந்தக் கிருமியைப் பார்ப்பதற்கு, பூஞ்சைகளைப் பார்ப்பதற்கென்றே வைத்திருந்த வெள்ளிச் சாயத்தைத்தான் பூசுவார்கள். மைக்ராஸ்கோப்பில் நசுங்கிய பிங்பாங் பந்துகள் மாதிரிக் கறுப்புக் கறுப்பாகத் தெரியும். பூஞ்சைச் சாயத்தில் பளிச்சென்று தெரிகிற ஒன்று பூஞ்சையோ என்று சிலர் முணுமுணுத்தார்கள். பாடப்புத்தகம் அசையவில்லை.

1977இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸில், செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையில் வால்டர் ஹியூஸ் என்ற டாக்டர் ஓர் ஆய்வை முடித்தார். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த பிள்ளைகளைப் புற்றுநோய்க்கு முன்னால் இந்த நிமோனியா கொண்டுபோய்க்கொண்டிருந்தது. 80 பேருக்கு கோ-ட்ரைமாக்ஸசோல் மாத்திரை, 80 பேருக்கு வெறும் மாவு மாத்திரை. மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 17 பேருக்கு நியூமோசிஸ்டிஸ் நிமோனியா வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் வந்தது பூஜ்யம் பேருக்கு. கோ-ட்ரைமாக்ஸசோல் அபூர்வச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் மருந்துக்கடையில் செப்ட்ரான் என்று கேட்டால் எடுத்து நீட்டுகிற அதே மாத்திரைதான். நோய் வருவதற்கு முன்பே அதைத் தடுக்கலாம் என்பது இவ்வளவு சுத்தமாக நிரூபணமானது 1977இல். வருஷத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1981இல் அட்லாண்டாவில், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில், சாண்ட்ரா ஃபோர்ட் என்ற ஊழியர் மருந்துக் கோரிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பென்டமிடினுக்கு அப்போது அமெரிக்காவில் விற்பனை உரிமம் கிடையாது. வேண்டுமென்றால் டாக்டர்கள் இவரிடம்தான் கேட்க வேண்டும். புற்றுநோயாளி, உறுப்பு மாற்றியவர் என்று ஏதாவது காரணம் சொல்வது வழக்கம். இப்போது காரணமே தெரியாத இளைஞர்களுக்காகக் கேட்டார்கள், திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இது சரியில்லை என்று மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதினார் ஃபோர்ட். ஜூன் 5ஆம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் டாக்டர் மைக்கேல் காட்லீப்பும் சகாக்களும் அனுப்பிய அறிக்கை அந்த மையத்தின் வார வெளியீட்டில் வந்தது: ஐந்து இளைஞர்கள், ஐவருக்கும் நியூமோசிஸ்டிஸ், இருவர் ஏற்கனவே இறந்துவிட்டார்கள். எய்ட்ஸ் உலகத்துக்கு அறிமுகமானது அப்படித்தான். உலகத்தின் மிகப் பெரிய தொற்று ஒன்றின் முதல் புகையைக் கண்டவர்களில், மருந்து அலமாரிக்குப் பொறுப்பான ஓர் ஊழியரும் ஒருவர்.

சிரிப்பு கொஞ்சம் கசக்கும் இடம் இது. எய்ட்ஸ் நோயாளிகளை அப்போது அதிகம் கொன்றது இந்த நிமோனியாதான். தடுக்கும் மாத்திரை எது என்று தெரிந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது, அது கடையிலும் இருந்தது. நியூயார்க்கில் ஜோசப் சொன்னபெண்ட் போன்ற சில டாக்டர்கள் தாங்களாகவே எழுதிக்கொடுத்தார்கள். 1987 மே மாதம் மைக்கேல் கேலன் என்ற பாடகர், தானும் எய்ட்ஸ் நோயாளி, சில தோழர்களோடு அரசு ஆய்வு நிறுவனம் ஒன்றின் தலைவரான ஆண்டனி ஃபவுச்சியைப் பார்த்து, எல்லா டாக்டர்களுக்கும் இதை ஒரு சிபாரிசாகவாவது அனுப்புங்கள் என்று கேட்டார். எய்ட்ஸ் நோயாளிகளிடம் செய்த ஆய்வு இல்லையே என்று பதில் வந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இவர்களுக்கு இந்த மாத்திரையால் காய்ச்சலும் தோல் தடிப்பும் அதிகம் வந்தன. ஆனால் ஆய்வு செய்ய வேண்டியவர் யார்? ஆதாரம் இல்லை என்று கையை விரித்தவர்களிடம்தான் ஆதாரம் சேர்க்கும் பணமும் இருந்தது. சர்க்கரை மருந்தைத் தூக்க நோய்க்கும், தூக்க நோய் மருந்தைக் குழந்தைகளுக்கும் போட்டுப் பார்த்த பழைய ஆட்கள் இவர்களைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். 1988இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், மருந்து சாப்பிட்டுவந்த 30 பேரில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. சாப்பிடாத 30 பேரில் 16 பேருக்கு வந்தது. அரசின் சிபாரிசு 1989 ஜூனில் வந்தது. இடைப்பட்ட இரண்டு வருஷத்தில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

பொறுக்கமாட்டாதவர்கள் தாங்களே ஆய்வில் இறங்கியிருந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் தெருக்கோடி கிளினிக் டாக்டர்கள், நியூயார்க்கில் நோயாளிகளே முன்நின்று நடத்திய அமைப்பு. பென்டமிடினை ஆவியாக்கி, மாதாமாதம் குழாயில் இழுக்கவைத்தார்கள். கசப்பும் இருமலும் பிய்த்துக்கொண்டு வரும். ஆனாலும் வேலை செய்தது. அதே 1989இல், பொதுமக்கள் நடத்திய ஆய்வுகளை மட்டுமே வைத்து, அமெரிக்க மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ முதன்முறையாக ஒரு மருந்துக்கு அனுமதி கொடுத்தது. ஆவி நுரையீரலின் உச்சிக்குச் சரியாகப் போகாது என்பதால் கிருமி மேல்மாடியில் ஒளிந்துகொண்டது வேறு கதை. 1992இல் ஆவியையும் மாத்திரையையும் மோதவிட்டபோது ஜெயித்தது மலிவான செப்ட்ரான்தான்.

இத்தனை களேபரத்துக்கு நடுவே 1988இல் கிருமியின் ஆர்என்ஏவை ஒப்பிட்டுப் பார்த்து, இது பூஞ்சை என்று உறுதிசெய்தார்கள். அப்பாடா என்று பூஞ்சை மருந்தை எடுக்கவும் முடியவில்லை. வழக்கமான பூஞ்சை மருந்துகள் குறிவைக்கும் எர்கோஸ்டிரால் இதன் சவ்வில் இல்லை. பூஞ்சை மருந்துக்கு அசையாத பூஞ்சை, பாக்டீரியாவுக்கான செப்ட்ரானுக்குச் சாகிறது. இதோடு விட்டதா? எலிகளுக்கு இந்த நோயை வரவழைக்க ஆய்வுக்கூடங்களில் கொடுத்துவந்தது கார்ட்டிசோன் ஸ்டீராய்டு. 1990இல், நோய் முற்றிய எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுத்தால் சாவு குறைகிறது என்று தெரிந்தது. எலிக்கு நோய், மனிதனுக்கு உயிர். 1999இல் இன்னொரு திருத்தம்: மனிதனிடம் இருப்பது வேறு இனம், அதற்கு யிரோவெட்ஸ் பெயர். கரினிக்கு எலி மட்டும் மிச்சம்.

கடைசியாக ஜாம்பியா. எச்ஐவி உள்ள குழந்தைகளுக்கு அங்கே கோ-ட்ரைமாக்ஸசோல் கொடுக்கலாமா என்று யோசித்தபோது, அந்த ஊர் பாக்டீரியாக்கள் இந்த மருந்துக்குப் பழகிவிட்டன, பிரயோசனமில்லை என்றது ஒரு கட்சி. லுசாகாவில் ஆய்வு தொடங்கியது. மருந்து சாப்பிட்ட பிள்ளைகளிடம் சாவு 43 சதவீதம் குறைந்தது. மற்றவர்களுக்கு இனியும் மாவு மாத்திரை கொடுப்பது பாவம் என்று ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள்; முடிவு 2004இல் வெளிவந்தது. நியூமோசிஸ்டிஸைத் தடுத்ததால்தான் இத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். நிமோனியா வந்த பிள்ளைகளின் மூக்குச் சளி மாதிரிகள் 73ஐச் சோதித்தார்கள். நியூமோசிஸ்டிஸ் தென்பட்டது ஒன்றே ஒன்றில். மாத்திரை வேறு யாரையோ அடித்திருக்கிறது.