பண்டிகைக்கு மறுநாள்: மீந்த பதார்த்தங்களின் மறுபிறப்பு குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

பண்டிகைகளின் தோற்றம், பண்டிகைப் பாடல்கள், பண்டிகைப் பலகாரங்கள் என ஒவ்வொன்றுக்கும் தமிழில் அறிஞர்கள் உண்டு. ஆனால் பண்டிகைக்கு மறுநாள் காலையில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அரைச் சட்டிக் கறிக்குழம்பையும் ஒரு தூக்குப் போசி இட்லியையும் மாறி மாறிப் பார்த்தபடி நிற்கும் பெண்மணியைப் பற்றி ஆய்வுலகம் ஒரு வரி எழுதியதில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

இதன் கருதுகோள் எளியது. பண்டிகையன்று என்ன சமைப்பது என்பதை மரபு முடிவு செய்கிறது. மறுநாள் என்ன சமைப்பது என்பதை மீந்தது முடிவு செய்கிறது. முதல் நாள் வேண்டியது பழக்கம், மறுநாள் வேண்டியது மூளை. ஆகவே ஒரு சமையல்காரியின் தகுதியை அளக்க வேண்டிய நாள் தீபாவளி அல்ல, தீபாவளிக்கு மறுநாள்.

2. ஆய்வுக்களம்

திண்டுக்கல் மாவட்டம், பழனிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் பாலசமுத்திரம் பேரூராட்சி இவ்வாய்வின் களம். அருகே பாலாறு பொருந்தலாறு அணை. ஊரைச் சுற்றி வயலும் தென்னையும். ஊருக்குள் அகோபில வரதராஜப் பெருமாள் கோயில், கூப்பிடு தூரத்தில் மலைமேல் தண்டாயுதபாணி. சாமி கும்பிட இரு பக்கமும் வாய்ப்புள்ள ஊரில் விசேஷங்களுக்குக் குறைவில்லை. விசேஷம் மிகுந்தால் விருந்தாளி மிகுவார். விருந்தாளி மிகுந்தால் அளவுக்கு மேல் உலை வைக்க வேண்டியிருக்கும். பழனிக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை வேறு. மூட்டையாக வாங்கினால் மலிவு என்னும் எண்ணம் குடும்பத் தலைவர்களுக்கு அங்கேதான் பிறக்கிறது. மீதம் பிறப்பதும் அங்கேதான். அடுப்படி அதற்குப் பிறகு வருவது.

3. வரையறை

ஆய்வுப் பொருளின் எல்லையை முதலில் கட்டிவிட வேண்டும். சட்டியில், குண்டாவில், தூக்குப் போசியில் மிஞ்சியது மட்டுமே இங்கே ‘மீந்தது’ எனப்படும். கை பட்ட இலையில் மிஞ்சியது இந்த ஆய்வுக்குள் வராது. அது மாட்டுக்கோ நாய்க்கோ உரியது. பிள்ளை பாதி கடித்து வைத்த வடை எந்தப் பக்கம் சேரும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தாய்மார்கள் அதை விவாதிப்பதில்லை, வாயில் போட்டுக்கொள்கிறார்கள்.

4. முன்னோர் சான்றுகள்

இத்துறையின் மூத்த சான்று மகாபாரதத்தில் கிடைக்கிறது. பாண்டவர் வனவாசத்தில் இருக்கும்போது துர்வாசர் சீடர் கூட்டத்தோடு சாப்பாட்டு நேரம் தாண்டி வருகிறார். அட்சய பாத்திரம் கழுவியாயிற்று. கண்ணன் பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டியிருந்த துணுக்கை எடுத்து உண்கிறான். குளிக்கப் போய் ஆற்றங்கரையில் நிற்கும் அத்தனை பேருக்கும் வயிறு நிறைந்துவிடுகிறது. திரௌபதி பாத்திரத்தைச் சரியாகக் கழுவவில்லை என்று யாரும் குறை சொன்னதாகக் கதையில் இல்லை. மீந்ததைக் கொண்டு விருந்தாளியைச் சமாளித்த முதல் இல்லத்தரசியாக அவளை இவ்வாய்வு கொள்கிறது.

சடங்கிலும் சான்று உண்டு. மாட்டுப்பொங்கல் காலையில் கணுப்பிடி வைக்கும் வீடுகளில், முந்தின நாள் பொங்கலை மஞ்சள் இலையில் பிடிபிடியாக வைத்து, உடன்பிறந்தார் நலத்துக்காகக் காக்கையை அழைப்பார்கள். பழைய பொங்கலுக்குப் பக்தியில் இடம் கிடைத்த நாள் அது. ஆடியில் அம்மனுக்கு ஊற்றும் கூழுக்கும் மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைப்பது வழக்கம். அம்மனே புளித்ததை ஏற்கும்போது மருமகன் முகம் சுளிப்பது முறையன்று.

அரசாங்கச் சான்றும் கிடைக்கிறது. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை வந்தது. தமிழக அரசு மறுநாளான நவம்பர் 1-க்கும் விடுமுறை விட்டது. ஊர்ப் பயணத்துக்காக விட்டதாகப் பொதுமக்கள் எண்ணினர். மீந்த குழம்பைத் தீர்க்க ஒரு நாள் போதாது என்பதை அரசு உணர்ந்துகொண்டதாகவே இவ்வாய்வாளர் கருதுகிறார்.

5. மீதத்தின் பொது விதிகள்

முதல் விதி, பொருந்தாமை விதி. சோறும் குழம்பும் ஒருசேர மிஞ்சுவதில்லை. குழம்பு மிஞ்சினால் சோறு பற்றாது. அதற்கென்று சோறு வடித்தால் குழம்பு தீர்ந்து சோறு மிஞ்சும். இந்தச் சுழற்சி கார்த்திகை வரை ஓடக்கூடியது.

இரண்டாம் விதி, பெயர்மாற்ற விதி. ‘நேத்து இட்லி’ என்றால் பிள்ளைகள் தொடமாட்டார்கள். அதே இட்லியை உதிர்த்துத் தாளித்து ‘உப்புமா’ என்றால் ஒரு தட்டு போகும். நறுக்கிப் பொரித்துக் காரம் சேர்த்து ‘சில்லி இட்லி’ என்றால் அடிதடி நடக்கும். ஓட்டல்காரர்கள் இவ்விதியை நமக்கு முன்பே கண்டுபிடித்து விலைப்பட்டியலில் ஏற்றிவிட்டார்கள்.

மூன்றாம் விதி, தாளிப்பு விதி. கடுகு வெடித்து, கறிவேப்பிலை பொரிந்த நொடியில் எந்தப் பண்டமும் புதிதாகிவிடும். அடுத்த அறையில் செய்தித்தாள் படிப்பவர் “என்ன, இன்னிக்குப் புதுசா ஏதோ நடக்குது போல” என்று கேட்டாரானால் பரிசோதனை வெற்றி.

நான்காம் விதி, ஓருருமாற்ற விதி. ஒரு பண்டம் ஒருமுறைதான் வேறாகலாம். இட்லி உப்புமாவாகலாம், மிஞ்சிய உப்புமா கட்லெட் ஆகக் கூடாது. மீறுவோர் தம் வயிற்றுப் பொறுப்பில் மீறட்டும்.

6. வகைப்பாடு

சோறு. மீந்த சோற்றுக்கு நம்மிடம் இருக்கும் பதில் உலகத்தரமானது: தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போவது. இரவு முழுக்க வேலை செய்வது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். அவற்றுக்குக் கூலி இல்லை. காலையில் நீச்சத்தண்ணி ஒரு சொம்பு, பழைய சோறு ஒரு வட்டில், சின்ன வெங்காயம் நான்கு, மோர்மிளகாய் இரண்டு. இதே பண்டம் வங்காளத்தில் பாந்தா பாத், ஒடிசாவில் பகாளா. ஒடிசாக்காரர்கள் மார்ச் 20-ஐ அதற்கெனக் கொண்டாடவே செய்கிறார்கள். 2021-இல் ஆஸ்திரேலியாவின் மாஸ்டர்செஃப் இறுதிச் சுற்றில் கிஷ்வர் சௌத்ரி பாந்தா பாத் செய்து நடுவர்கள் முன் வைத்தார். மூன்றாம் இடம் பெற்றார். நம் அப்பத்தாக்கள் எந்தப் போட்டிக்கும் போகாததால் இடம் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றாத சோறு என்றால் எலுமிச்சையோ புளிக்காய்ச்சலோ கிளறலாம். ஆறிய சோறு விறைத்து உதிரியாக நிற்பதால் கிளறுவதற்குச் சுடுசோற்றைவிட அதுவே வாகு.

இட்லி, மாவு. சூடான இட்லியை உதிர்த்தால் பிசைந்த களியாகும்; ஆறிய இட்லி பூப்போல உதிரும். குளிர்ந்ததும் மாவுச்சத்து இறுகிக்கொள்வதுதான் காரணம். ஆகவே இட்லி உப்புமாவுக்குப் பழமை ஒரு தகுதி. மாவு மிஞ்சினால் வரிசை அனைவரும் அறிந்தது: முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, புளிப்பு ஏறினால் வெங்காயம் தூவி ஊத்தப்பம், இன்னும் ஏறினால் குழிப்பணியாரம். 2011-க்குப் பின் விலையில்லா கிரைண்டர் வீட்டுக்கு வீடு வந்தபோது, மாவு மிஞ்சும் வாய்ப்பும் கூடவே வந்து இறங்கியது என்பதைப் பொருளாதார அறிஞர் கவனிக்கவில்லை.

வடை. மீந்த உளுந்து வடை ஆறினால் கல். வெந்நீரில் நனைத்துப் பிழிந்து தயிரில் போட்டால் தயிர்வடை, கொதிக்கும் ரசத்தில் போட்டால் ரசவடை. கடலைப்பருப்பு வடையை உதிர்த்து மசாலாவில் கொதிக்கவிட்டால் வடைகறி. சென்னைச் சைதாப்பேட்டைக்குப் பேர் வாங்கித் தந்தது அந்தப் பண்டம். மீந்ததில் தொடங்கி, பிறகு அதற்கென்றே வடை சுடும் நிலைக்கு உயர்ந்த ஒரே பதவி உயர்வு இதுதான்.

குழம்பு. இங்கே அறிவியல் கண்டிப்பானது. புளியும் நல்லெண்ணெயும் தாராளமாகப் போன வத்தக்குழம்பு மறுநாளும் நிற்கும். சுண்டச் சுண்ட ருசி கூடும். தேங்காய் அரைத்துவிட்டது வெளியே வைத்தால் பொழுது சாய்வதற்குள் நொந்துவிடும். பருப்பு சேர்ந்த சாம்பாருக்கும் ஆயுள் குறைவு. நெல்லைப் பக்கம் கல்யாண வீட்டிலும் பொங்கலிலும் மிஞ்சிய குழம்பு, கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிச் சுண்ட வைத்துச் சுண்டக்கறி என்பார்கள். இத்தாலியில் டஸ்கனிக் குடியானவர்கள் மீந்த காய்ச் சூப்பில் பழைய ரொட்டியைப் போட்டு மறுபடி கொதிக்க வைப்பதும் இதே புத்திதான். ஏழை வயிறு எங்கிருந்தாலும் ஒரே மாதிரி யோசிக்கிறது.

கறி. தீபாவளிக் கறிக்குழம்பு மறுநாள் தோசைக்கு ஊற்றும்போதுதான் முழுமை பெறுகிறது என்பது களத்தில் ஒருமனதான கருத்து. “நேத்து கொழம்பு, இன்னிக்குத்தான் கொழம்பாச்சு” என்று ஓர் அப்பத்தா தீர்ப்பளித்தார். இரவெல்லாம் மசாலா கறிக்குள் இறங்குவதும் கொழுப்பில் வாசம் தங்குவதும் அதற்குக் காரணம். குழம்பு தீர்ந்து துண்டுகள் மட்டும் நின்றால் மிளகு தூவிச் சுக்காவாக வறட்டலாம். வேகாத கறி மிஞ்சினால் உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம் போடுவது பழைய வழி. ஆனால் தீபாவளி வருவதோ ஐப்பசி மழையில். உப்புக்கண்டத்துக்கு வெயிலடிக்கும் தை மாதக் கறிநாளே உகந்தது. காலண்டரும் சமையலும் ஒத்துப்போகும் இடம் இது.

பஞ்சாமிர்தம். பழனி வட்டாரத்துக்கே உரிய மீதம். தைப்பூசம் முடிந்தால் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மூன்று டப்பா சேரும். வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் சேர்ந்து, தண்ணீர் சேராததால் கெடாமல் நிற்பது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. சப்பாத்தியில் சுருட்டினாலும் தோசையில் தடவினாலும் ஜாமை வீட்டுக்குள் நுழையவிடாது. சாமி பிரசாதத்தைத் தூக்கிப் போட யாருக்கும் கை வராததால், இந்த மீதம் ஒருபோதும் வீணானதாகப் பதிவு இல்லை.

7. மறுப்புரைகளும் விடைகளும்

கீதையின் 17-ஆம் அத்தியாயத்தைக் காட்டி, சமைத்து நேரம் கடந்ததும் முந்தின நாள் உணவும் தாமச உணவு என்பர் சிலர். அப்படியென்றால் முந்தின இரவு ஆட்டி வைத்த மாவிலிருந்து வரும் இட்லியை எந்தக் கணக்கில் வைப்பது? இந்தக் கேள்விக்கு விடை வரும்வரை ஆய்வு தொடரும்.

மருத்துவர்கள் எழுப்பும் மறுப்பு வலுவானது. அதற்கு எதிர்வாதம் இல்லை, கீழ்ப்படிதல்தான் உண்டு. ஆறிய சோற்றைத் தண்ணீர் ஊற்றாமல் வெளியே வைத்தால் பாசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமி பெருகி நஞ்சு கக்கும். அந்த நஞ்சில் ஒருவகை திரும்பக் காய்ச்சினாலும் அழியாது. ஆகவே சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் வைக்க வேண்டும். எடுத்ததை நடுவரை கொதிக்கவிட வேண்டும். ஒருமுறை சுட வைத்ததை மறுபடி உள்ளே வைக்கக் கூடாது. நம் நான்காம் விதிக்கு மருத்துவம் தரும் ஆதரவு இது. அந்தக் காலத்து உறி, பூனையிடமிருந்து மட்டுமே காத்தது. கிருமிக்கு உயரம் ஒரு பொருட்டல்ல.

மீந்ததைக் கொட்டிவிட்டால் என்ன என்று கேட்போர் மூன்றாம் வகை. 2022-இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதென்றும், அதில் அறுபது விழுக்காடு வீடுகளில் நிகழ்ந்ததென்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் சொன்னது. கொட்டும் கை ஓட்டலில் இருப்பதைவிட நம் வீட்டில்தான் அதிகம் இருக்கிறது.

8. முக்கியக் கண்டுபிடிப்பு

இனிக் கேட்க வேண்டிய கேள்வி: மீந்தது உருமாறாமல் அப்படியே இருந்தால் அதைத் தின்பவர் யார்? எந்த வீட்டில் பார்த்தாலும் விடை ஒன்றே. எல்லோருக்கும் சுடச்சுடத் தோசை போன பிறகு, “எனக்கு இதுவே போதும், வீணாப் போகுதுல்ல” என்று பழைய சாம்பாரோடு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிடுபவர் அம்மா. அல்லது அத்தை. அல்லது புதிதாக வந்த மருமகள். குடும்பத் தலைவர் பெயர் இந்தப் பட்டியலில் வருவதே இல்லை.

ஆகவே வடைகறியும் சுண்டக்கறியும் இட்லி உப்புமாவும் வெறும் சிக்கனம் அல்ல. ஒருத்தி தலையில் மட்டும் விழ இருந்த பழையதை வீடே பங்குபோட்டுத் தின்னும் பதார்த்தமாக ஆக்கும் ஏற்பாடு அவை. ருசிக்காகப் பிறந்தவை போலத் தோன்றினாலும், பங்கீட்டுக்காகப் பிறந்தவை.

9. பரிந்துரைகள்

பண்டிகைக்கு அரிசி அளக்கும்போது ஒரு படி குறைத்து அளக்கவும். தேங்காய்க் குழம்பை அன்றே தீர்க்கவும். உருமாறிய பதார்த்தத்தில் முதல் தட்டை அதைச் செய்தவருக்கு வைக்கவும். கடைசி வழியல் போதும் என்று அவர் சொன்னால் நம்ப வேண்டாம். படித்து முடித்த ஆண்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள்: அடுத்த தீபாவளிக்கு மறுநாள் காலை செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சின்ன வெங்காயமாவது உரித்துக் கொடுங்கள். இட்லி உப்புமாவுக்கு அது நிறையத் தேவைப்படும்.