சோளன் சாராயத்துக்கு ஏன் மனே இவ்வளவு சோடினை?

இஞ்ச வா மனே, கிட்ட வந்து இரி. அந்தப் போனைக் கொஞ்சம் கவிழ்த்து வை. கனடாவில இரிக்கிற உன்ட மச்சான் அடுத்த மாசம் வாறானாம். பேர்பன் விஸ்கி ஒண்டு கொண்டாறன், எது வேணும் எண்டு கேட்டானாம். நீ மூணு நாளா நித்திரை முழிச்சு வீடியோ பாக்கிறாயாம். பொம்பிள பாக்கப் போகக்குள்ளயும் நீ இப்பிடி விசாரிக்கல்லையேடா!

நானும் உன்ட தோளுக்கு மேலால எட்டிப் பாத்தன். ஒருத்தன் கிளாசுக்குள்ள மூக்கை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, புகையிலை வாசம் வருது, பழந்தோல் வாசம் வருது எண்டு உருகிறான். புகையிலை மணக்க டொலர் எதுக்கு? பெத்தாட வெத்திலைத் தட்டத்தில மூக்கை வை. தோல் வாசம் வேணுமெண்டா அண்ணாவியார் வீட்டு மத்தளம் சும்மாதான் தொங்குது.

முதல்ல சாமான் என்னெண்டு விளங்கு. அது சோளன் சாராயம், மனே. படுவான்கரையில யானைக்குப் பயந்து பரண்ல காவல் கிடந்து முறிக்கிறமே, அந்தச் சோளன்தான். அமெரிக்காக்காரன் அதுக்குச் சட்டம் போட்டு வெச்சிரிக்கான். போடுற தானியத்தில நூற்றுக்கு 51 பங்காவது சோளனா இருக்கவேணும். வடிச்சதை, உள்பக்கம் நெருப்பில கருக்கின புது ஓக் மரப் பீப்பாவில ஊறப் போடவேணும். நிறமோ வாசமோ வெளியால சேர்க்கப்படாது. போத்தல்ல அடைக்கக்குள்ள 40 வீதத்துக்குக் குறையப்படாது. அமெரிக்காவிலதான் செய்யவேணும். இது நம்மட நாட்டுக்கே உரிய சரக்கு எண்டு 1964இல் அவங்கட காங்கிரஸ் தீர்மானமும் போட்டது. கென்டக்கியில செய்தாத்தான் பேர்பன் எண்டு உன்ட கூட்டாளி சொன்னானா? அப்பிடி ஒரு சட்டமும் இல்ல. பெரும்பகுதி அங்க வடியிறதால பேர் அங்க போயிற்று.

வடிச்ச உடன அதுவும் பச்சைத் தண்ணி மாதிரித்தான். அந்தச் செந்நிறமும் வெனிலா வாசமும் கருகின மரம் குடுக்கிற சீதனம். ஒருக்கா பாவிச்ச பீப்பாவில மறுகா பேர்பன் ஊற வைக்க ஏலா. பழசை ஸ்கொட்லாந்துக்காரன் வாங்கித் தன்ட விஸ்கியை அதில ஊறப் போடுவான். நமக்கு மீன்கறிக்குப் பழகின சட்டி வேணும், இவனுக்குப் புதுச்சட்டி வேணும். இவன் கழிச்ச சட்டியில அவன் கீர்த்தி வாங்கிறான். உலகம் இப்பிடித்தான் ஓடுது.

சரி, எதை வாங்கிற? வடமோடிக் கூத்துப் பாத்திரிக்கிறாய்தானே? கிரீடம் வெச்சுக் களரியில வந்தா ஆள் தர்மராசா. விடிய உடுப்பைக் கழட்டிப்போட்டு அவனும் வட்டைக்குத்தான் போவான். போத்தலும் அப்பிடித்தான். பெட்டி, மெழுகு, தங்க எழுத்து எல்லாம் களரி உடுப்பு. நீ உடுப்பை விட்டுப்போட்டு ஆளைப் பார்.

'ஸ்மோல் பேட்ச்' எண்டு போட்டிரிக்கும். எவ்வளவு சின்னன்? சட்டத்தில அளவே இல்ல. நம்மட கடைப் பலகையில 'வீட்டுச் சாப்பாடு' எண்டு எழுதியிரிக்குமே, எந்த வீடு எண்டு கேட்டிரிக்கிறாயா? பாட்டன் பூட்டன்ட கதையும் எழுதியிரிக்கும். யார் வடிச்சது எண்ட வரியைத் தேடிப் பார். சில பேர் இந்தியானாவில ஒரு பெரிய வடிசாலையில வாங்கித் தங்கட பேரை ஒட்டிறவங்க. சரக்கு நல்லாயிரிக்கும், பாட்டன்தான் இரவல்.

'ஸ்ட்ரெய்ட்' எண்ட சொல் இரிக்கா? அப்ப ரெண்டு வருசமாவது பீப்பாவில கிடந்திரிக்கு. நாலு வருசத்துக்குக் குறைஞ்சா வயசை எழுதியே ஆகவேணும். அதைவிட நல்ல சொல் 'பொட்டில்ட் இன் பொண்ட்'. அந்தக் காலத்தில வியாபாரிமார் கண்டதையும் கலந்து விஸ்கி எண்டு வித்தாங்க. அதுக்கு 1897இல் சட்டம் வந்தது. ஒரே வடிசாலை, ஒரே பருவம், குறைஞ்சது நாலு வருச ஊறல், சரியா 50 வீதம். அந்தச் சொல் உள்ளதில விலை குறைஞ்ச போத்தலும் கிடக்கு. எவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபல் அப்பிடி ஒண்டு.

போத்தல்ல 100 புரூஃப் எண்டு கண்டு பயந்திராத. பாதியா வெட்டு, அதுதான் வீதம். வைல்ட் டர்க்கி 101 எண்டா ஐம்பதரை. இப்ப ஒரு கணக்குச் சொல்லுறன். 50 வீதச் சரக்கு நாலு போத்தல்ல அளந்து தண்ணி விட்டா, 40 வீதச் சரக்கு அஞ்சு போத்தல் வரும். பால்காரன் தண்ணி கலந்தாப் படலையில நிண்டு சண்டை பிடிக்கிறாய். இவன் கலந்தா 'என்ன ஸ்மூத்து மச்சான்' எண்டு கும்பிடுறாய். தண்ணி நம்மட கிணத்தில இல்லையா?

வயசு கூடினா ருசி கூடும் எண்டும் நினையாத. கருக்கின புதுப் பீப்பாவில அளவுக்கு மிஞ்சிக் கிடந்தா மரம்தான் நாக்கில ஏறும். வருசா வருசம் கொஞ்சம் ஆவியாயும் போகும். தேவதையிட பங்கு எண்டு அதுக்குப் பேர் வெச்சிரிக்காங்க. பாப்பி வான் விங்கிள் 23 வருசப் போத்தல் கைமாறக்குள்ள ஆயிரக்கணக்கில டொலர். தேவதை குடிச்சதுக்கும் சேத்து நீ காசு கட்டுறாய், மனே!

பிளான்டன்ஸ் எண்டு ஒண்டு இரிக்கு. மூடியில குதிரையும் ஓட்டியும். எட்டு வித மூடி, ஒவ்வொண்டிலயும் ஒரு எழுத்து, எட்டையும் சேத்தாப் பேர் வரும். அதுக்காகவே சனம் தேடித் தேடி வாங்குது. எங்கட வாத்தியார் மண்ணில விரலைப் பிடிச்சு எழுதப் பழக்கினவர், ஒரு சதமும் கேட்கல்ல. உனக்கு ஒரு பேர் எழுதிப் பழக எட்டுப் போத்தலா?

மச்சான் கொண்டாறதெண்டாச் சரி. இஞ்ச கடையில வாங்கிறதெண்டா யோசி. கப்பல் கூலியும் வரியும் ஏறி, அங்க உள்ள மலிவுச் சரக்கு இஞ்ச மாப்பிள்ளைக் கோலத்தில நிக்கும். அந்தக் காசுக்கு நம்மட தென்னஞ்சாராயத்தில நல்ல பழசா வாங்கலாம். அதிலயும் எழுத்தை வாசி. தனித் தென்னஞ்சரக்கும் இரிக்கு, வேற ஸ்பிரிட் கலந்ததும் இரிக்கு. ரெண்டையும் ஒரே தராசில போடாத. மலிவு எண்டு கசிப்புப் பக்கம் மட்டும் தலை வைக்காத. அது கண்ணையும் எடுக்கும், ஆளையும் எடுக்கும்.

பட்ஜெட் எவ்வளவு எண்டு கேட்டாய். அரிசிக் காசு, லைட் பில், புள்ளையிட ரியூசன், சீட்டுக் காசு எல்லாம் எடுத்து வெச்சுப்போட்டு மிஞ்சிறதுதான் பட்ஜெட். ஒண்டும் மிஞ்சல்லையா? தேசிக்காய்த் தண்ணி குடி, அதுவும் வாசம்தான்.

ஓம், மச்சானிட்ட அந்த வெள்ளை லேபலைச் சொல்லு. கொண்டந்தா மறைக்காம இஞ்சயும் கொண்டா. எனக்கு ஒரு மிடறு போதும், வயசு போயிற்று. வெறும் போத்தலைப் பெத்தாட்டக் குடு. படுவான்கரையால வாற தேனை விட்டு வைக்க அவ போத்தல் தேடிக்கொண்டு திரியிறா. மூடியில குதிரை இல்லையெண்டு அவ கேக்க மாட்டா.