தாத்தா படம் என்ன விலை?

பழைய புகைப்படம் எனப்படுவது, எடுத்தவரும் போய், படத்தில் இருப்பவரும் போய், சட்டம் மட்டும் மிஞ்சி நிற்பது. தமிழ்நாட்டு வீடுகளில் அது பெரும்பாலும் கூடத்து நிலைக்கு மேலே, முன்பக்கம் சற்றுச் சாய்ந்தபடி தொங்கும். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், பாட்டி நின்றுகொண்டிருப்பார். பக்கத்தில் முக்காலி மேல் ஒரு மேசைக் கடிகாரம் இருக்கும்; அது ஸ்டூடியோக்காரருடையது. கோட்டும் பல சமயம் ஸ்டூடியோக்காரருடையதுதான். முறைப்பு மட்டும் தாத்தாவின் சொந்தம். இந்தப் படம் லட்சக்கணக்கில் போகும் என்று குடும்பத்தில் யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். பொதுவாக அவர் வெளிநாட்டில் இருப்பார்; விற்றுக் காட்ட வேண்டிய பொறுப்பு அவருக்கு இராது.

இந்த நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மான் ரே என்ற கலைஞர் 1924இல் ஒரு பெண்ணின் முதுகைப் படமெடுத்து, அதில் வயலினுக்கு உள்ளதுபோல் இரண்டு துளைகளைத் தீட்டிவைத்தார். அது 2022 மே மாதம் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1 கோடியே 24 லட்சம் டாலருக்குப் போனது. ஜெர்மானியரான ஆந்த்ரியாஸ் குர்ஸ்கி ரைன் நதியை எடுத்த படம் 2011இல் 43 லட்சம் டாலர். அதில் புல், தண்ணீர், மறுபடியும் புல், மேலே வானம், அவ்வளவுதான். கரையில் இருந்த கட்டடத்தைக்கூட அவர் கணினியில் அழித்துவிட்டார். ஆளே இல்லாத படத்துக்கு இந்த விலை என்றால், முப்பது பேர் நெருக்கியடித்து நிற்கும் கல்யாண குரூப் போட்டோவுக்கு என்ன விலை என்று குடும்பத்தார் கணக்குப் போடத் தொடங்குவது இயல்பு. சந்தை தலைகளை எண்ணி விலை போடுவதில்லை என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெரியவரும்.

சந்தை முதலில் பார்ப்பது, படம் எதன்மேல் இருக்கிறது என்பதை. 1839இல் பாரிஸில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட டாகுரோடைப், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் அமைந்தது. கண்ணாடிபோல் பளபளக்கும், சாய்த்துப் பார்த்தால் படத்தின் வெளுப்பும் கறுப்பும் இடம் மாறித் தெரியும். முன்னோர் முகமும் தன் முகமும் மாறி மாறித் தெரிகிறது என்று யாராவது சொன்னால் அது உணர்ச்சிவசப்பட்ட பேச்சு என்று ஒதுக்காமல், படத்தை உடனே பத்திரப்படுத்த வேண்டும். ஆம்ப்ரோடைப் என்பது கண்ணாடியில் எடுத்தது. டின்டைப் என்பது பெயருக்குத்தான் டின். உண்மையில் இரும்புத் தகடு. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தத்தை அருகில் கொண்டுபோனால் தெரிந்துவிடும்.

இந்திய வீடுகளில் இவை அரிது. கிடைப்பவை பெரும்பாலும் காகிதப் படங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கோலோச்சியது ஆல்புமென் தாள். கோழிமுட்டையின் வெள்ளைக்கருவைத் தாளில் பூசி, அதன்மேல் வெள்ளி உப்பு ஏற்றிச் செய்தது. தாள் மெல்லியதாகையால் கெட்டி அட்டையில் ஒட்டியிருப்பார்கள். வயதாக ஆக மஞ்சள் தட்டும். அதற்குப் பின் வந்த ஜெலட்டின் தாளுக்குரிய ஜெலட்டின் மாட்டெலும்பையும் தோலையும் காய்ச்சி எடுத்தது. அத்தகைய படத்தில் கறுத்த இடங்கள் காலப்போக்கில் நீலப் பளபளப்புக் கொள்ளும். ஆக, வெங்காயம்கூட நுழையாத பல பூஜை அறைகளில் தலைமுறை தலைமுறையாகக் கற்பூரம் காட்டப்பட்டது முட்டைக்கோ மாட்டெலும்புக்கோதான். விற்கத் தீர்மானித்த வாரிசு இந்தச் செய்தியை வீட்டில் சொல்லிவிட்டால் படம் சுவரிலிருந்து இறங்குவதற்கு எதிர்ப்பு இராது.

பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தால் ஆராய்ச்சியை அங்கேயே நிறுத்திவிடலாம். அது அச்சகத்தில் அடித்த படம். காலண்டரிலிருந்தோ மலரிலிருந்தோ யாரோ கத்தரித்துச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

அடுத்த கேள்வி, எடுத்தவர் யார் என்பது. விலையில் பெரும்பங்கு இங்கேதான் தீர்மானமாகிறது; விடை பெரும்பாலும் அட்டையின் அடியிலோ முதுகிலோ அச்சிட்டிருக்கும். லின்னேயஸ் டிரைப் 1850களின் பிற்பாதியில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்து மதுரை, திருவரங்கம், தஞ்சைக் கோயில்களை எடுத்தவர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பாகத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். டிரைப்பின் கையெழுத்துள்ள தாள் பரணில் கிடைத்தால் பரணே புனிதமாகிவிடும். 1863இல் இந்தியா வந்து இமயமலையேறிய சாமுவேல் போர்ன், ஹைதராபாத் நிஜாமின் படக்காரர் லாலா தீன் தயாள், ரங்கூனில் கடை வைத்திருந்த ஜெர்மானியர் பிலிப் கிளியர், சென்னையின் நிக்கோலஸ் கம்பெனி, வீல் அண்ட் கிளைன் ஆகிய பெயர்களுக்கும் மதிப்பு உண்டு. பர்மாவில் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த செட்டிநாட்டு வீடுகளில் ரங்கூன் அட்டைகள் தட்டுப்படுவதில் வியப்பில்லை. பெரும்பாலான படங்களின் முதுகில் இருப்பதோ ஊர்ப் பெயரும், 'பிரதிகள் எப்போதும் கிடைக்கும்' என்ற வாக்குறுதியும்தான். எப்போதும் கிடைப்பதற்கு யாரும் அதிகம் கொடுப்பதில்லை.

மூன்றாவதாகத்தான் படத்தில் இருப்பவர் வருகிறார். குடும்பம் முதலில் வைக்கும் ஆளைச் சந்தை கடைசியில் வைப்பதால்தான் இத்தனை மனத்தாங்கலும். ஏலப் பட்டியலில் தாத்தாவுக்குக் கிடைக்கும் பெயர் 'அடையாளம் தெரியாத ஆண், தென்னிந்தியா' என்பதே. இதைச் சரிசெய்ய, குடும்பத்தார் படத்துக்குள் காந்தியைத் தேடுவார்கள். பின்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் தெரியும் பாதிக் காது மகாத்மாவுடையது என்று பெரியப்பா அடித்துச் சொல்வார். சின்னத் தாத்தா அது ஊர்க் கணக்குப்பிள்ளையின் காது என்பார். இரு தரப்புக்கும் காதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

காதை வைத்து வழக்காடுவது அமெரிக்காவிலும் நடக்கிறது. 1881இல் சுட்டுக் கொல்லப்பட்ட பில்லி த கிட் என்ற துப்பாக்கிக்காரனுக்குச் சந்தேகமற்ற படம் ஒன்றே ஒன்றுதான் என்பது நெடுநாள் கருத்து. அந்தச் சிறு டின்டைப் 2011இல் டென்வர் ஏலத்தில் 23 லட்சம் டாலருக்குப் போனது. டின்டைப்பில் இடம் வலம் மாறித் தெரியும் என்பதை மறந்ததால், அவன் இடக்கைக்காரன் என்றே ஊர் நம்பியிருந்தது. பால் நியூமன் நடித்து 1958இல் வந்த சினிமாவின் பெயரிலேயே இடக்கை இருக்கிறது. தாத்தாவின் அங்கவஸ்திரம் வழக்கமில்லாத தோளில் கிடந்தால் அவரைச் சீர்திருத்தவாதி என்று முடிவுகட்டுமுன் சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் என்று பார்ப்பது நல்லது.

இதற்கிடையில் உலர்திராட்சைக்குப் பெயர்போன ஃபிரெஸ்னோ என்ற கலிபோர்னிய நகரில் 2010இல் ஒருவர் 2 டாலருக்கு மூன்று பழைய படங்கள் வாங்கினார். ஒன்றில் சிலர் புல்வெளியில் குரோக்கே ஆடுகிறார்கள். மட்டையோடு நிற்பவன் பில்லியே என்று 2015இல் அறிவிப்பு வந்தது; 50 லட்சம் டாலர் பெறும் என்று மதிப்பும் வந்தது. வல்லுநர்களில் பலர் இன்றுவரை ஒப்பவில்லை.

அதே ஃபிரெஸ்னோவில் 2000இல், வீட்டுச் சாமான் விற்பனை ஒன்றில் இன்னொருவர் 65 கண்ணாடி நெகட்டிவ்கள் பார்த்தார். 70 டாலர் சொன்னதை 45க்கு முடித்தார். இவை அமெரிக்க நிலக்காட்சிப் படங்களின் பிதாமகர் ஆன்சல் ஆடம்ஸ் எடுத்தவை என்று பத்தாண்டு அலைந்து நிபுணர்களைத் திரட்டினார். 2010இல் 20 கோடி டாலர் என்று மதிப்புப் போட்டார்கள். செய்தி தொலைக்காட்சியில் வந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, இதே மரத்தைத் தன் மாமா எடுத்த படம் தன் வீட்டிலேயே இருக்கிறதே என்றார். மாமாவின் படங்களோடு ஒப்பிட்டபோது நிழல் விழுந்த கோணம்வரை பொருந்தியது. ஆடம்ஸின் பெயரைக் காக்கும் அறக்கட்டளை வழக்குப் போட்டது. 2011இல் சமரசம்: படங்களை விற்கலாம், ஆடம்ஸின் பெயரைச் சொல்லி விற்கக் கூடாது. படம் அதே படம், கண்ணாடி அதே கண்ணாடி. எடுத்தவர் மேதையாக இல்லாமல் யாரோ ஒருவரின் மாமாவாகப் போனதுதான் குறை.

படத்தின் உடல்நிலையும் விலையில் சேர்த்தி. இதில் பக்தியே பெரும் பகை. வெள்ளிக்கிழமைதோறும் ஈரத்துணியால் துடைக்கும்போது சட்டத்தின் அடியில் தண்ணீர் இறங்கும். சந்தனமும் குங்குமமும் வழியும். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பலவந்தமாகப் பிரித்தால் முகம் கண்ணாடியில் வரும், வேட்டி தாளில் தங்கும். மிச்சத்தை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். இவற்றுக்கெல்லாம் தப்பிய படத்தைப் பேரன் ஒருவன் அன்பு மிகுந்து லேமினேஷன் செய்துவிடுவான். அதோடு வியாபாரம் முடிந்தது. கணினியில் 'புதுசாக்கி', தாத்தாவுக்குப் பின்னால் சுவிட்சர்லாந்தை வைத்து எடுத்த பிரதிக்கும் சந்தையில் விலை இல்லை. அந்தக் காலத்து ஸ்டூடியோ ஓவியர் கையால் தீட்டிய வண்ணம் மட்டும் விதிவிலக்கு. அது மதிப்பைக் கூட்டும். ஒரு சங்கடம்: பாட்டியின் கழுத்தில் அவர் தாராளமாகத் தீட்டிய காசுமாலை எந்த மருமகளிடம் போய்ச் சேர்ந்தது என்ற விசாரணை பல குடும்பங்களில் இன்னும் முடியவில்லை.

விற்கக் கிளம்புகிறவர் முதலில் அறிய வேண்டியது, இணையத்தில் கேட்கும் விலை வேறு, கைக்கு வரும் விலை வேறு. முன்னது ஆசை. விற்று முடிந்த ஏலங்களின் பதிவுகளில் உள்ளதே விலை. அதிலும் ஏல நிறுவனம் விற்பவரிடம் ஒரு கமிஷன், வாங்குபவரிடம் ஒரு கட்டணம் என்று இரு கையாலும் எடுத்துக்கொள்ளும். லண்டன், நியூயார்க், மும்பை ஏலங்களுக்குப் போகத் தகுதியுள்ளவை டிரைப், போர்ன் வகையறா மட்டுமே. மற்றவை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு போன்ற இடங்களில் உள்ள பழம்பொருள் கடைகளுக்குரியவை. அங்கே விலைபேசுகிறவர் படத்தைத் திருப்பிப் பார்த்து, சட்டத்தைத் தட்டி, பர்மாத் தேக்கு என்றால் அதற்கொரு தொகை சொல்லி, உள்ளே இருக்கும் பெரியவரைக் கொசுறாகச் சேர்த்துக்கொண்டால் கோபிக்கக் கூடாது. அவரிடம் வாங்குகிறவர்கள் ஓட்டல்காரர்களும் சினிமாக் கலை இயக்குநர்களும். வாழ்நாளில் கொட்டகைப் பக்கமே போகாத தாத்தா கதாநாயகனின் பாட்டனாராகத் திரையில் தொங்கும் வாய்ப்பு இவ்வாறு அமைகிறது.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. படத்தை வாங்குவதால் அதன் பதிப்புரிமை வாங்கியவருக்கு வந்துவிடாது. நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே மிகப் பழைய படத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர் தொல்லியல் துறையைக் கேட்டுக்கொள்வது நல்லது. இவற்றைவிடக் கடுமையானது குடும்பச் சட்டம். பரணில் கிடந்தவரை யாருக்கும் வேண்டாத படம், விலை பேசப்பட்ட மறுநாளே எல்லாருக்கும் பங்குள்ள சொத்தாகிவிடும். நாலாயிரம் ரூபாயை ஏழு பேர் பிரித்துக்கொள்ளக் கூடும் நாளில் காபி, டிபன், வேன் செலவு ஐயாயிரத்தைத் தொடும்.

காசு தராமல் மதிப்புத் தருகிற இடங்களும் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டமொன்றின் ஆதரவோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடிக் கணினிப் பிரதி எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். சந்தை ஒதுக்கிய கடிகாரம், முக்காலி, பின்னால் தொங்கும் தீட்டிய திரை, பெயர் தெரியாத மனிதர்கள் எல்லாம் அங்கே ஆராய்ச்சிப் பொருள்.

விற்றாலும் கொடுத்தாலும் முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆட்களை அடையாளம் சொல்லக்கூடிய அத்தை உயிரோடு இருக்கும்போதே படத்தோடு போய் உட்கார்ந்து, யார் யார் என்று கேட்டு, முதுகில் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதிவிடுங்கள். மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். மை சில ஆண்டுகளில் முன்பக்கம் ஊறி வந்துவிடும்.