வாரன் ஹில்லில் முதல் அணி

தொண்ணூறுகளில் கேம்பிரிட்ஜில் படித்த நாட்களில், விடுமுறைக் காலைகளில் நண்பரின் காரில் குதிரைப் பந்தய ஊரான நியூமார்க்கெட்டுக்குப் போவோம். பந்தயம் பார்க்க அல்ல, குதிரைகளின் பயிற்சியைப் பார்க்க. வாரன் ஹில் சரிவின் ஓரத்தில் அப்போது எங்களைத் தவிர நாயோடு நடக்க வந்த ஓரிருவர்தான் நிற்பார்கள். லாயங்களிலிருந்து முதல் அணி புறப்பட்டு, குதிரையின் பின் குதிரையாகத் தெருக்களைத் தாண்டி வரும். அதுவரை வண்டிகள் காத்திருக்கும். இன்றும் அப்படித்தான். சாலையைக் கடக்கும் சில இடங்களில், சேணத்தில் இருந்தபடியே அழுத்த வசதியாக சிக்னல் பொத்தானை உயரத்தில் வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சரிவுதான் ஊரின் செல்வம். மேட்டில் ஏறி ஓடும் குதிரைக்குக் கடும் வேகம் வேண்டியதில்லை. மூச்சும் பின்னங்கால்களும் வலுப்படும், முன்னங்கால்களில் விழும் அடி குறையும். கீழே சுண்ணாம்புப் பாறை என்பதால் மழைநீர் தேங்காது. பதினேழாம் நூற்றாண்டில் மன்னர் இரண்டாம் சார்லஸ் இங்கே தாமே பந்தயக் குதிரை ஓட்டினார். அவர் தொடங்கிவைத்த டவுன் பிளேட் பந்தயம் இன்னும் நடக்கிறது.

இப்போது அதே சரிவில் வேன்கள் வந்து நிற்கின்றன. வழிகாட்டி பேசுகிறார், எல்லோர் கையிலும் செல்போன். மன்னரின் பழைய அரண்மனை வளாகத்தில் 2016 முதல் குதிரைப் பந்தய அருங்காட்சியகம் இருக்கிறது. வருபவர்கள் ஃப்ராங்கலைப் பற்றிக் கேட்கிறார்கள். ஹென்றி செசில் இந்த ஊரில் பழக்கி, 2010 முதல் 2012 வரை ஓடிய 14 பந்தயங்களிலும் வென்ற குதிரை அது. கூட்டம் வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஊர் தன் வேலையை மாற்றிக்கொள்ளவில்லை. காலைப் பொழுது குதிரைகளுக்கு, பயிற்சித் திடலில் பொதுமக்கள் நடப்பது பிற்பகல் ஒரு மணிக்குமேல்தான்.

ஆனால் குதிரையின் மேல் இருப்பவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அதுதான் என் ஆதங்கம். உழைப்பவர் பெயர் வெளியே தெரியாமல் போவது இங்கே புதிதல்ல. 1966-ல் குதிரைகளைப் பழக்கிவந்த ஃப்ளோரன்ஸ் நேகிள் வழக்காடி வெல்லும்வரை, பந்தயங்களை நிர்வகித்த ஜாக்கி கிளப் பெண்களுக்குப் பயிற்சியாளர் உரிமம் தரவில்லை. பழக்கியது பெண்ணாக இருந்தாலும் உரிமம் லாயத்தின் ஆண் ஊழியர் பெயரில் இருக்கும். இன்று அணியில் எத்தனையோ பெண்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்களும் நிறைய. சேணத்தின் மேலிருந்து இந்தி கேட்கிறது.

சென்ற கோடையில் கடைத்தெருவில் ஒருவர் என் பேச்சைக் கேட்டுத் திரும்பி, “கிண்டியில நாலு வருஷம் இருந்தேன் சார்” என்றார் தமிழில். ராஜஸ்தான்காரர். காலையில் அவர் ஓட்டிய குதிரையைப் பற்றிக் கேட்டேன். “வாய் ரொம்ப மெத்து சார். கடிவாளத்தை இறுக்கினா தலையைத் தூக்கிடும். விரலாலதான் பேசணும்” என்று சுண்டுவிரலை மடக்கிக் காட்டினார். பயிற்சியாளர் காலையில் முதலில் கேட்பது இவரைத்தான்: மூச்சு எப்படி, எந்தக் கால் தயங்குகிறது, நேற்று தீனி மிச்சம் வைத்ததா. ஓடலாமா வேண்டாமா என்ற முடிவு அந்தப் பதிலிலிருந்து தொடங்குகிறது. வேனில் வருபவர்களுக்கு வழிகாட்டி ஃப்ராங்கலுக்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டும்.