ஸ்கேல் இருக்கா சார்?

டென்னிஸ் பந்து வீடியோ மறுபடியும் வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட்டது. பந்தில் ஓட்டை போட்டு, கார்க் கதவின் சாவித் துளையில் வைத்து ஓங்கி ஒரு குத்து; கதவு திறந்துகொள்கிறது. பக்கத்தில் யாரோ ரிமோட்டை அழுத்துகிறார் என்பது என் சந்தேகம். அமெரிக்காவின் 'மித்பஸ்டர்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதைச் செய்து பார்த்து, நடக்காது என்று கைவிட்டார்கள். எப்படி நடக்கும்? கதவுக்குள் பூட்டைத் தள்ளுவது ஒரு சின்ன மின்மோட்டார். அதற்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை. பழைய பென்ஸ் கார்களில் காற்றை உறிஞ்சி இயங்கும் சென்ட்ரல் லாக் இருந்ததே என்று விவரம் தெரிந்தவர்கள் மடக்கலாம். இருந்தது. ஆனால் சாவித் துளையில் ஊதினால் திறக்கும்படி எந்த பென்ஸும் வந்ததில்லை. அப்படியானால் சாவியை உள்ளே விட்டுப் பூட்டிக்கொண்ட காரைத் திறக்க என்னதான் வழி? சொல்கிறேன். அதற்கு முன் காரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

முதலில் வருபவர், "சாவி உள்ளேயா இருக்கு?" என்பார். அது கண்ணாடி வழியாக ஊருக்கே தெரியும்படி தொங்கிக்கொண்டிருக்கும். அடுத்தவர் நான்கு கதவுகளையும் இழுத்துப் பார்த்துவிட்டு டிக்கியையும் இழுப்பார். அவருக்குப் பின்னால் வருபவரும் அதையே செய்வார். முந்தைய கைகளின்மேல் யாருக்கும் நம்பிக்கை கிடையாது. "டூப்ளிகேட் சாவி எங்க சார்?" என்பவர் நான்காமவர். அது வீட்டு பீரோவில் இருக்கிறது. வீட்டுச் சாவி, உள்ளே தொங்கும் அதே கொத்தில் இருக்கிறது. பிறகுதான் தலைவர் வருகிறார்: "ஸ்டீல் ஸ்கேல் இருக்கா?" 1983 கடைசியில் வெளிவந்த மாருதி 800-இல் இது பலித்த வித்தை. பூட்டோடு சேர்ந்த கம்பி கதவுக்குள் திறந்தபடி கிடந்தது. ஸ்கேலை விட்டு நெம்பினால் குமிழ் எழும்பியது. இன்றைய கார்கள் பலவற்றில் அந்தக் கம்பி கிடையாது. உறைக்குள் ஓடும் கேபிள்தான், அதற்கும் மேலே பிளாஸ்டிக் மறைப்பு. கிணற்றில் விழுந்த குடத்துக்குப் பாதாளக் கரண்டி விட்டவர் மாதிரி அவர் துழாவிக்கொண்டே இருப்பார். அகப்படுவது பவர் விண்டோ ஒயர், கிழிவது பீடிங். "பின்னாடி இருக்கிற சின்னக் கண்ணாடியை உடைங்க, விலை கம்மி" என்று ஒருவர் கல்லோடு வருவார். பல கார்களில் அது ரப்பரோடு சேர்த்து வார்க்கப்பட்டு வருகிறது. பெரிய கண்ணாடியைவிட அதிகமாகவே பில் வரலாம். இதற்குள் மச்சினன் காருக்குக் கோயம்புத்தூரில் நேர்ந்ததை ஒருவர் ஆரம்பித்திருப்பார். இன்னொருவர் செல்போனில் படம் எடுப்பார்.

உதவத்தானே வருகிறார்கள் என்று கேட்கலாம். உள்ளே குழந்தை இருந்தால் உதவி தேவைதான். வெயிலில் மூடிக் கிடக்கும் கார் பத்து நிமிஷத்தில் பத்து டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். அப்போது யோசனையே வேண்டாம், குழந்தைக்குத் தள்ளி இருக்கும் பக்கக் கண்ணாடியை உடைக்க வேண்டியதுதான். குழந்தை இல்லாத காருக்கு எதற்கு இத்தனை நிபுணர்கள்? புதுக் காரில் இந்தத் தொல்லையே வராது, ஸ்மார்ட் கீ உள்ளே இருந்தால் கதவு பூட்டாது என்பது அடுத்த வாதம். அந்தக் கீயின் உயிர் ஒரு பொத்தான் பேட்டரியில் இருக்கிறது. பேட்டரி ஓய்ந்துவிட்டால் கீ உள்ளே கிடப்பது காருக்குத் தெரியாது. தவறுதலாக ரிமோட்டில் பூட்டைத் திறந்துவிட்டுக் கதவைத் தொடாமல் இருந்தால், அரை நிமிஷத்தில் தானே பூட்டிக்கொள்ளும் கார்களும் உண்டு. ஆபத்துக்கு உதவட்டும் என்று அந்த ஸ்மார்ட் கீக்குள்ளேயே ஓர் இரும்புச் சாவியை மறைத்து வைத்திருக்கிறார்கள். அதுவும் காருக்குள்தான் இருக்கும். இதற்கு ஒரு எஞ்சினியர் சம்பளம் வாங்கியிருக்கிறார்.

ஆகவே கூட்டத்தாருக்கு ஒரு விண்ணப்பம். பஸ் ஸ்டாண்டு ஓரம் குடைக்கு அடியில் டூப்ளிகேட் சாவி போடுகிறவர் உட்கார்ந்திருப்பார். உங்களில் பைக் வைத்திருக்கும் ஒருவர் போய் அவரை அழைத்து வாருங்கள். கூலியை நாங்கள் பேசிக்கொள்கிறோம்.